அணை வேண்டாம் என்றா சொன்னார்கள்?

அண்ணா, பெரிய அணைகளின் நன்மை தீமைகளை ஆராய்ந்த உலக அணைகள் ஆணையம் 2000இல் பெரிய அணைகளுக்கு வங்கிகள் கடனே தரக்கூடாது என்று தடை போட்டதாக உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. தடை போடும் அதிகாரமே அந்த ஆணையத்துக்குக் கிடையாது. அது கொடுத்தது பரிந்துரைகள்தான்.

ஆணையத்தின் அறிக்கையை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். முதலில் சுருக்கத்தைப் பாருங்கள். அணைகளால் மனித வளர்ச்சிக்குக் கணிசமான நன்மை கிடைத்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள். கூடவே, அதற்குப் பல இடங்களில் ஏற்க முடியாத விலை கொடுக்கப்பட்டது என்றும் சொல்கிறார்கள்: 4 முதல் 8 கோடிப் பேர் இடம்பெயர்ந்தார்கள். அப்புறம் 10ஆம் அத்தியாயம். கடன் தரும் வங்கிகளும் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்களும் (தம் நாட்டு ஏற்றுமதிக்குக் கடனும் உத்தரவாதமும் தருபவை) என்ன செய்ய வேண்டும் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறது. கடனே கூடாது என்பவர்கள் இதை ஏன் எழுத வேண்டும்? மாற்று வழிகளை அலசி, மக்கள் சம்மதத்தோடு கட்டு என்பதுதான் அவர்கள் கேட்டது.

ஆணையத் தலைவர் காதர் அஸ்மால் நம் டர்பனுக்குப் பக்கத்து ஸ்டாங்கரில் பிறந்தவர், நம் தென்னாப்பிரிக்காவின் நீர்த்துறை அமைச்சராக இருந்தவர். அவர் சொல்லாததை அவர் பெயரில் பரப்ப வேண்டாமே. பதிவைத் திருத்தினால் நல்லது, அண்ணா.