கொம்புன்னா நம்மூர்ல காங்கேயம் காளைதானுங்க

காலையில ஆறு மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: "கர்த்தர் உன் கொம்பை உயர்த்துவார்." பின்னாடி சூரிய உதயம், ஓரத்துல போதகர் படம். சபைக்காரங்க உடனே ஆமென் போட்டுருவாங்க. ஆனா நம்ம நம்பரைச் சேவ் பண்ணி வெச்சிருக்கற பக்கத்து ஊட்டு அக்காவுக்கும், பால் சொசைட்டிக்காரருக்கும் கொம்புன்னா காங்கேயம் காளைதானுங்க. எபிரேயத்துல கொம்பு வலிமைக்கு அடையாளம்னு சபைக்குள்ள சொல்லித் தந்திருப்பாங்க. ஸ்டேட்டஸ்ல யாரு சொல்லித் தர்றது?

விசுவாசத்தை ஆன்லைன்ல பகிரோணும்னா, என்ன கேமராங்கறது அப்புறம். யாருக்கு எழுதறோம்கறதை முதல்ல முடிவு பண்ணோணும். இப்ப நாம போடறதுல பாதிக்கு மேல விசுவாசி விசுவாசிக்கே எழுதற கடுதாசி.

மத்தேயு 11:28-ஐ எடுத்துக்குங்க. பழைய மொழிபெயர்ப்புல "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே". இன்னைக்கு வருத்தம்னா மனக்கஷ்டம். மூலத்துல கிரேக்கச் சொல்லுக்கு உடம்பு ஓயப் பாடுபடறதுன்னு பொருள். 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்புல "பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே"ன்னு இருக்குது. திருப்பூர்ல ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டரைக்குப் பனியன் கம்பெனியை விட்டு வர்றவருக்கு இது நேராப் போய்ச் சேரும். அப்ப அதை ஒன்பது மணிக்குப் போடுங்க. ஆறு மணிக்கு அவரு டிபன் பாக்ஸ் கட்டற அவசரத்துல இருப்பாரு. கிருபை, இரட்சிப்பு, அபிஷேகம் இதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லலீங்க. அந்தச் சொல் வர்ற இடத்துலயே ஒரு வரி விளக்கம் சேருங்கன்னுதான் சொல்றேன்.

வீடியோவுல பெரும்பாலும் கெடறது சத்தம். சபை மிக்ஸர்ல எக்கோ வெச்சு, அடியில கீபோர்டு ஓட்டி எடுத்த பிரசங்கம் அரங்கத்துல நல்லாத்தான் இருக்கும். போன் ஸ்பீக்கர்ல வெறும் கூச்சல். ஃபேனை நிறுத்திப்போட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்துல விழற மாதிரி உக்காந்து, காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழ நெஞ்சுல குத்திக்கிட்டுப் பேசுனாப் போதும். போனை நெட்டுக்குத்தலா வெச்சு, ஒன்றரை நிமிசத்துக்குள்ள ஒரே விசயம். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடற ஊட்ல எந்தச் சத்தமும் கேக்காது, அதனால பேசறதைத் திரையில எழுத்தாவும் போடறது கட்டாயம். ரெண்டு வரிக்கு மேல வேண்டாம், திரையோட நடுவுல வரோணும். கீழ வெச்சா ஷார்ட்ஸோட தலைப்பும் பட்டனும் மறைச்சுக்கும்.

பாட்டு சேர்க்கறவங்க ஒண்ணு கவனிங்க. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதுன வேதநாயகம் சாஸ்திரியார் 1864-லயே மறைஞ்சுட்டாரு, அவரு வரிகளுக்குக் காப்புரிமை கிடையாது. ஆனா இப்ப ஒருத்தர் பாடிப் பதிவு பண்ணுன ஒலிக்கு உண்டு. ஆராதனைக்குத்தானேன்னு யூடியூப் விட்டுராது, நேரலையை நடுவுலயே நிறுத்திப்போடும். நீங்களே பாடிருங்க, சுருதி கொஞ்சம் போனாலும் பரவால்ல.

வாட்ஸ்அப்புக்கு வாங்க. பிராட்காஸ்ட் லிஸ்ட்ல எத்தனை பேரைச் சேர்த்தாலும், உங்க நம்பரைச் சேவ் பண்ணுனவங்களுக்கு மட்டுந்தான் போய்ச் சேரும். "யாருமே பார்க்கறதில்லை"ன்னு சலிச்சுக்கறவங்க பலருக்கு இதுதான் காரணம். கேக்காம குரூப்ல சேர்க்கறது அதைவிட மோசம். நம்ம பொண்ணுங்க நம்பர் முன்னப்பின்ன தெரியாத எல்லாருக்கும் போயிருது. சேனல்னா பின்தொடர்றவங்க நம்பர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, அதையே வெச்சுக்குங்க.

ஜெப விண்ணப்பத்துல பேரு, ஊரு, வியாதி மூணும் போட்டா அது விண்ணப்பம் இல்லீங்க, தண்டோரா. பேரை எடுத்துட்டு "ஜவுளிக்கடை வெச்சிருக்கற அக்கா, கர்ப்பப்பைக் கட்டி"ன்னு போட்டாலும் சின்ன ஊர்ல கண்டுபிடிச்சுருவாங்க. "ஒரு சகோதரிக்கு ஆப்பரேசன், வியாழக்கிழமை" போதும். அதுக்கும் அவங்க சம்மதம் வாங்கியிருக்கோணும்.

ஜெபத்துல வியாதி சுகமாச்சுன்னு சாட்சி போடறப்ப இன்னும் நிதானம் வேணும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையை விட்டுட்டேன்னு யாராவது சொன்னா அந்தத் துண்டை வெட்டிருங்க, கேக்கறவர் வீட்ல போய் மாத்திரையை நிறுத்திருவாரு. ஜெப எண்ணெய் புத்துநோயைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்ணுனா 1954-ம் வருசத்து மந்திர மருந்து விளம்பரச் சட்டம் இருக்குது.

அரசியல் சாசனம் 25-ம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்க, பரப்ப உரிமை தருது. அதுக்காகப் பங்குனியில பண்ணாரி அம்மன் கோயில்ல குண்டம் இறங்கற, அதான் தீ மிதிக்கற, வாரத்துல விக்கிரகத்தைப் பத்திப் பதிவு போடறதை என்னால ஏத்துக்க முடியலை. பக்கத்து ஊட்டு அக்கா விரதம் இருந்து குண்டம் இறங்கிட்டு வந்திருப்பாங்க, அவங்க ஸ்டேட்டஸ்ல அம்மன், உங்க ஸ்டேட்டஸ்ல அம்மனுக்குத் திட்டு. அதுக்கப்புறம் அந்தக்கா உங்க பதிவு எதையாவது திறப்பாங்களா? இயேசு யாருன்னு எழுதறதுக்கே நாலு நற்செய்தி நூல் கையில இருக்குதுங்க.

இத்தனையும் பண்ணி, யாராவது தனியா ஒரு வரி எழுதுவாங்க. "ஒரு சந்தேகம் கேக்கலாமாங்க?" பெரும்பாலான ஊழியப் பக்கம் கோட்டை விடறது இங்கதான். ரெண்டு வாரம் பதில் இருக்காது, இல்லாட்டி உடனே காணிக்கைக்கு ஜிபே கியூஆர் போகும். ஒரே நாள்ல பதில் சொல்லுங்க. பொண்ணு கேட்டா பொண்ணு பதில் சொல்லட்டும், ராத்திரி ஒன்பதுக்கு மேல வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில், மூணு வரி. தெரியலைன்னா விசாரிச்சுட்டுச் சொல்றேன்னு சொல்லிருங்க. சபைக்கு வரலாமான்னு அவங்களே கேட்டா, கூகுள் மேப் லிங்க்கோட எந்த ஸ்டாப்ல இறங்கோணும், ஆராதனை எத்தனை மணிக்கு முடியும், செருப்பை எங்க விடறதுங்கறதையும் எழுதுங்க.