ஜான் சீனா தோத்ததுக்கு இல்ல என் கோபம்

காலையில இருந்து கரண்ட் இல்ல. தறி நிக்குது. அதனால இன்னிக்கு நீளமா எழுதப் போறேன். பொறுமை இல்லாதவங்க இப்பவே தள்ளிட்டுப் போயிடுங்க.

மல்யுத்த வீரர் ஜான் சீனாவோட கடைசி மேட்ச்சை டபிள்யூடபிள்யூஇ கம்பெனி ஒழுங்கா எழுதலைன்னு ஞாயித்துக்கிழமை நான் போட்ட ரெண்டு வரிக்கு வந்த கமெண்ட் எல்லாம் பாத்திருப்பீங்க. "நாப்பது வயசாகப் போகுது, இன்னுமா இதை நிஜம்னு நம்பிக்கினு இருக்கிற"ன்னு ஒருத்தர். "அந்தா டிராமாலே அன்னா"ன்னு நகரியில இருந்து ஒரு தம்பி. மீதி எல்லாம் சிரிக்கிற பொம்மை. அதுல என் சொந்த மச்சானும் ஒருத்தன். நல்லா இருங்க.

டிராமான்னு எனக்கும் தெரியும்யா. ஆறாவது படிக்கும்போதே தெரியும். டிராமான்னு சொல்லி காசு வாங்கிக்கினு, டிராமாவை எழுதாம விட்டுட்டாங்களேன்னுதான் கத்தறேன்.

சீனா குந்தர்ங்கற வீரர்கிட்ட தட்டிட்டாரு, அதாவது கையைத் தட்டி தோல்வியை ஒத்துக்கினாரு. வருஷக்கணக்கா "விட்டுக் கொடுக்காதே"ன்னு கைப்பட்டையில, துண்டுல, பனியன்ல எல்லாம் எழுதி வித்த மனுஷன், கடைசி மேட்ச்ல லேசா சிரிச்சுட்டு கையைத் தட்டினாரு. ஷூவைக் கழட்டி ரிங்ல வெச்சுட்டு போனாரு. கம்பெனியில கதையை முடிவு பண்ற டிரிபிள் எச் வந்து நின்னப்ப வாஷிங்டன் அரங்கமே ஊளையிட்டுச்சு. தோத்ததுக்கா ஊளையிட்டாங்க? போறவன் தோத்துட்டுப் போகணும், வர்றவனைத் தூக்கி விட்டுட்டுப் போகணும், அது அந்தத் தொழில்ல பழைய மரபு. அந்த மரபை நான் மதிக்கறேன். ரெஸில்மேனியான்னு வருஷா வருஷம் நடக்கற பெரிய நிகழ்ச்சியில 21 தடவை தோக்காம இருந்த அண்டர்டேக்கர் 2014ல லெஸ்னர்கிட்ட தோத்தப்ப ரெண்டு நாள் சரியா சாப்பிடலை, ஆனா ஏமாத்திட்டாங்கன்னு தோணலை. 21 - 1ன்னு பலகையில வந்தப்ப அரங்கத்துல ஒருத்தன் வாயைப் பொளந்துக்கினு நின்னானே, அந்த மூஞ்சிதான் அன்னிக்கு எனக்கும்.

இங்க என்ன நடந்துச்சு? குந்தருக்கும் சீனாவுக்கும் என்ன பகை? ஒண்ணும் இல்ல. ஒரு போட்டித் தொடர் வெச்சாங்க, அதுல குந்தர் ஜெயிச்சாரு, வந்தாரு, கழுத்தைப் பிடிச்சாரு. அதே 2025 ஜூலைல பழைய வீரர் கோல்ட்பர்கை வீட்டுக்கு அனுப்பினதும் இதே குந்தர்தான், இதே கழுத்துப் பிடிதான். தறியில ஒரே டிசைனை நாலு பீம்ல ஓட்டினா எங்க முதலாளி கூட கேப்பாரு.

அதே வருஷம் மார்ச் மாசத்தை நெனச்சுப் பாருங்க. டொராண்டோவில, அப்ப சாம்பியனா இருந்த கோடி ரோட்ஸைக் கட்டிப் பிடிச்சுக்கினே சீனா வில்லன் ஆனாரு. நான் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டேன். எத்தனை வருஷமா கேட்டுக்கினு இருந்தோம் அதை! பக்கத்துல பழைய சாம்பியன் ராக் வேற. கோடி ரோட்ஸோட ஆத்மா எனக்கு வேணும்னு ராக் பெரிய பேச்சு. அப்புறம்? ஏப்ரல்ல ரெஸில்மேனியாவுக்கு ராக் வரவே இல்ல. ஒரு பாட்டுக்காரர் ஓடி வந்து உதவி பண்ணி சீனாவுக்கு 17வது பட்டம். ஆத்மா சமாச்சாரத்தை எவனும் மறுபடி வாயில எடுக்கலை. ஆகஸ்ட்ல சீனா திரும்ப நல்லவர். நடுவுல அவர் ரசிகர்களைப் பாத்து "என்னை எத்தனை வருஷம் திட்டினீங்க"ன்னு பேசினது அருமையான பேச்சு, அதை ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பேச்சுக்கு அடுத்த வாரம்னு ஒண்ணு இல்ல. திருப்பம் வெக்கத் தெரியுது. திருப்பத்துக்கு மறுநாள் என்னன்னு யாரும் யோசிக்கலை. இதைத்தான் சொல்றேன், இதை மட்டும்தான் சொல்றேன்: மறுநாள் என்ன?

எங்க பெரிய மாமா தெருக்கூத்துல துரியோதனன் வேஷம் கட்டுவாரு. இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, அந்தப் பக்கம் நகரி, புத்தூர்னு திரௌபதி அம்மன் கோயில் எங்கெல்லாம் பாரதம் வெக்கறாங்களோ அங்கெல்லாம் போவாரு. படுகளத்து அன்னிக்கு துரியோதனன் சாவப் போறான். அது அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். மண்ணுல மலை மாதிரி உருவம் பண்ணிப் படுக்க வெச்சிருப்பாங்க, வீமன் தொடையில அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பா. வருஷா வருஷம் அதே முடிவு. ஆனா ஒரு கிழவி, எங்க மாமா வேஷத்தோட டீக்கடை ஓரமா வந்தப்ப, மண்ணை வாரி அவர் மேல தூத்தினதை நான் கண்ணால பாத்திருக்கேன். மாமா கோபப்படலை. தேங்கா எண்ணெயைத் தேய்ச்சு அரிதாரத்தைக் கலைச்சுக்கினே, "பத்து ராத்திரி ஊரைப் பகைச்சுக்கினு இருந்தாத்தான்டா பதினோராம் நாள் சாவறதுக்கு மரியாதை"ன்னாரு.

டிரிபிள் எச்சுக்கு இதை யாராவது மொழிபெயர்த்து அனுப்புங்கப்பா.

"கம்பெனி கோடி கோடியா சம்பாதிக்குது, நீ யாரு சொல்றதுக்கு"ன்னு ஒரு அறிவாளி. சம்பாதிக்கட்டும். டிக்கெட் வித்ததும் கதை நல்லா இருக்கறதும் ஒண்ணுன்னா, எங்க ஊர் ரெக்கார்டு டான்ஸ்தான் உலகத்துலயே பெரிய கலை. 96ல எதிர் கம்பெனி டபிள்யூசிடபிள்யூவுல ஹோகன் வில்லன் ஆனப்ப, அது டிவி ரேட்டிங்ல 83 வாரம் தொடர்ந்து இவங்களை முந்துச்சு. அந்த பயத்துலதான் ஸ்டோன் கோல்டு வந்தாரு, ராக் வந்தாரு. 2001ல அந்தக் கம்பெனியையே வாங்கிப் போட்டாங்க. பயம் போச்சு, கூடவே யோசனையும் போச்சு. 2019ல ஏஇடபிள்யூன்னு ஒரு புதுக் கம்பெனி வந்து கொஞ்சம் உரசினது உண்மை. பத்தலை.

என்ன பண்ணணும்னு கேக்கறீங்களா? 1993ல ஆரம்பிச்ச ரா டிவி நிகழ்ச்சி, வாரா வாரம் நிக்காம ஓடுது. ஊர்த் திருவிழா கூட வருஷத்துக்கு ஒரு தடவைதான். மூணு மாசம் மூடுங்க. எழுதறவன் தூங்கட்டும், அடிபட்டவன் ஆறட்டும். பெல்ட்டைப் பாதியாக் குறைங்க, யார்கிட்ட எது இருக்குன்னு எனக்கே மறந்து போவுது. ஒருத்தன் தோத்தா அடுத்த வாரம் அந்தத் தோல்வி அவன் மூஞ்சியில தெரியணும். கோஃபி கிங்ஸ்டன் 2019ல ரெஸில்மேனியாவுல பட்டம் ஜெயிச்சப்ப எவ்வளவு பேர் அழுதாங்க! அக்டோபர்ல லெஸ்னர் பத்து செகண்டுக்குள்ள முடிச்சாரு. அடுத்த வாரமே கோஃபி சிரிச்சுக்கினு பழைய கூட்டத்தோட நிக்கறாரு. எனக்கு இன்னும் ஆறலை, அவருக்கு ஆறிடுச்சு! 2025 ஜூன்ல ஆர் ட்ரூத்ங்கற வீரரை வேலையை விட்டு அனுப்பினாங்க, ஜனங்க கத்தினதால ஒரு வாரத்துல திரும்பக் கூப்பிட்டாங்க. மனுஷன் ரிங்லயே முடியை வெட்டிக்கினு நெஜக் கோபத்தோட நின்னாரு. கதை தானா வந்து வாசல்ல நிக்குது! கொஞ்ச நாள்ல அவரைப் பழையபடி கோமாளி ஆக்கிட்டாங்க.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னு மச்சான் போன் போட்டே கேட்டான். 2023 செப்டம்பர்ல ரேணிகுண்டாவில ராத்திரி ரயில் ஏறி ஹைதராபாத் போனேன், கச்சிபௌலி அரங்கத்துல சீனாவைப் பாக்கறதுக்கு. ரெண்டு வாரக் கூலி காலி. வீட்டுல பாவு வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். ஆமா, இப்ப வீட்டுலயும் படிப்பாங்க, படிக்கட்டும். எறும்பு மாதிரி தூரத்துல தெரிஞ்ச ஆளுக்குத் தொண்டை கட்டற அளவுக்குக் கத்தினேன். பக்கத்துல ஒரு தெலுங்குப் பையன் என் தோளைப் பிடிச்சுக்கினு அழுதான். நாங்க ரெண்டு பேருமே முட்டாளா? எங்க ரெண்டு பேருக்குமே முடிவு எழுதி வெச்சதுன்னு தெரியாதா?

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு நம்பி சின்ன வயசுல மல்யுத்த கார்டு விளையாடின கூட்டம்தானே நீங்களும். அந்த கார்டை நான் இன்னும் வெச்சிருக்கேன், ஓரம் கிழிஞ்சு போச்சு. இப்ப வந்து பெரிய மனுஷன் மாதிரி சிரிக்கிற பொம்மை போடறீங்க.

மாமாவும் வேஷம் கட்டி மூணு வருஷம் ஆச்சு. போன தடவை கூப்பிட்ட ஊர்ல, ராத்திரி பூரா வேணாம், ரெண்டு மணி நேரத்துல துரியோதனனைச் சாவடிச்சு முடிச்சுடுங்க, அப்புறம் ஆர்கெஸ்ட்ரா இருக்குன்னாங்க. அவர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டாரு. கிரீடமும் புஜக்கட்டையும் பரண்ல கிடக்கு. ஞாயித்துக்கிழமை அவருக்கும் போன்ல சீனா மேட்ச்சைப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கடைசி வரைக்கும் பாத்துட்டு, "இவன் நல்லாத்தான் சாவறான். கொல்றவன் யாருடா?"ன்னு கேட்டாரு.

கரண்ட் வந்துடுச்சு. தறிக்குப் போறேன். திட்டறவங்க திட்டி வைங்க, சாயங்காலம் வந்து பதில் சொல்றேன். மச்சான், நீ மட்டும் நேர்ல வா.