குடும்ப ஜெபம்: பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் போதும்

தினமும் இரவு ஒரு மணி நேரம் குடும்ப ஜெபம் வைக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தது. ஆறேழு வயதுப் பிள்ளையிடம் அது நடக்காது. பாதியில் தூங்கிவிடும், எழுப்பித் திட்டினால் ஜெபமே தண்டனையாகிவிடும். ராச்சாப்பாட்டுக்கு முன்பே பத்து நிமிடம் வையுங்கள்: ஒரு பாட்டு, ஏழெட்டு வசனம், பிள்ளை தன் சொந்த வார்த்தையில் ஒரு ஜெபம். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் மொத்தமே 16 அதிகாரம்தான், கதையும் வேகமாக ஓடும், அதில் தொடங்கலாம். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போனால், சட்டதிட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மனப்பாடத்துக்கு வாரம் ஒரு வசனம். 23-ஆம் சங்கீதம் 6 வசனம், ஒன்றரை மாதம். பழைய மொழிபெயர்ப்பில் வரும் 'தாழ்ச்சியடையேன்' என்பதைப் பிள்ளைகள் பொருள் தெரியாமலே ஒப்பிக்கும். 'எனக்கு ஒரு குறையும் வராது' என்று பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு வசனத்தைக் கொடுங்கள். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை எழுத்துக் கூட்டித் திணறினால், எல்லார் முன்னும் வாசிக்க வைக்காதீர்கள். நீங்கள் பாதி வரி சொல்ல, மீதியை அது முடிக்கட்டும்.

புது வசனம் வந்ததும் பழையதைக் கைவிடுவதுதான் வழக்கமான தவறு. தேவனுடைய வார்த்தைகளை வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று வேதாகமத்தில் உபாகமம் 6:7 சொல்கிறதல்லவா, ஞாயிறு ஆலயத்துக்குப் போகிற வழியில் முந்தைய நான்கு வார வசனங்களையும் கேட்டுவிடுங்கள்.