தலைக்கு மேல் ஒரு கமா

(மகள் வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா பின்னால் வந்து, கேட்காமலே படிக்கிறார்.)

அப்பா: முதல் வரியிலேயே "ஐ'ம்" என்று போட்டிருக்கிறாயே! எழுத்தை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் தலைக்கு மேல் ஒரு கமா.

மகள்: சரி அப்பா, "ஐ ஆம்" என்றே மாற்றிவிடுகிறேன். விண்ணப்பம், ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரை இதிலெல்லாம் விரித்து எழுதுவதுதான் வழக்கம். ஆனால் நீங்கள் பேசும்போதும் விரிக்கிறீர்களே!

அப்பா: அதனால் என்ன குறைந்துவிட்டது?

மகள்: நேற்று போனில் "ஐ... டூ... நாட்... நோ" என்றீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆணி. அந்தப் பையன் மூன்று முறை "சாரி சார்" சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அப்பா: தெரியாது என்றுதானே சொன்னேன்!

மகள்: "ஐ டோன்ட் நோ" என்றால் தெரியாது. நீங்கள் சொன்னது, "தெரியாது, என்னை ஏன் கேட்கிறாய்?" நான் போனில் "வந்துகொண்டிருக்கிறேன், தந்தையே" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அப்பா: ஏதோ பணம் கேட்கப் போகிறாய் என்று இருக்கும். அது கிடக்கட்டும், 1710-லேயே எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் இந்தச் சுருக்கங்களைப் பத்திரிகையில் திட்டி எழுதியிருக்கிறார், தெரியுமா?

மகள்: யார் கேட்டார்கள்? நீங்களே "ஃபைவ் ஓ'க்ளாக்" என்கிறீர்கள். "ஆஃப் த க்ளாக்" என்று விரித்துச் சொல்லுங்கள், பார்ப்போம்.

அப்பா: (கடிகாரத்தைப் பார்க்கிறார். அதுவும் உதவவில்லை.) சரி, "வில் நாட்" எப்படி "வோன்ட்" ஆனது? நடுவில் "வோ" எங்கிருந்து வந்தது?

மகள்: ஒரு காலத்தில் "வில்" என்பதை "வோல்" என்றும் சொன்னார்கள். வோல் போய்விட்டது, வோன்ட் தங்கிவிட்டது.

அப்பா: அப்படியானால் நானும் சுருக்கியே பேசுகிறேன். ஏதாவது கேள்.

மகள்: ஆர் யூ ரெடி?

அப்பா: எஸ், ஐ'ம்!

மகள்: ஐயோ! வாக்கியம் அங்கேயே முடிந்தால் அதைச் சுருக்கக் கூடாது. அழுத்தம் "ஆம்" மேல்தான் விழும். "எஸ், ஐ ஆம்."

அப்பா: "நோ, ஐ கான்ட்"?

மகள்: அது சரி. "நாட்" சேர்ந்த சுருக்கம் கடைசியிலும் நிற்கும்.

அப்பா: அதாவது, ஒப்புக்கொண்டால் முழுசாகச் சொல்ல வேண்டும். மறுத்தால் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்.

மகள்: அப்படியும் சொல்லலாம். அப்பா, இதை முழுவதும் ஒருமுறை திருத்தித் தருகிறீர்களா? 6 பக்கம்தான்.

அப்பா: ஐ கான்ட்.