ஜப்பானியரிடம் கைகுலுக்கினால் ஒப்பந்தம் போய்விடுமா?

"ஜப்பானியரிடம் கைகுலுக்குவது அவமானம், 90 டிகிரி குனிந்து வணங்காவிட்டால் ஒப்பந்தம் கிடைக்காது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. வெளிநாட்டவரோடு கைகுலுக்குவது அங்கே சாதாரணம். தொழில் சந்திப்புகளில் வழக்கமான வணக்கம் சுமார் 30 டிகிரிதான். அதைவிட ஆழமாகக் குனிவது பெரும்பாலும் மன்னிப்புக் கேட்கும்போது.

உண்மையில் கவனம் வேண்டியது விசிட்டிங் கார்டில். எழுந்து நின்று இரு கையாலும் வாங்கி, பெயரைப் படியுங்கள். அப்புறம் அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே மேசைமேல் வைத்திருங்கள். வாங்கியதும் பின்பாக்கெட்டில் செருகுவதுதான் மரியாதைக் குறைவு.

சந்தேகமா? ஜப்பான் அரசின் வணிக மேம்பாட்டு அமைப்பான ஜெட்ரோவுக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம். முதல்முறை ஜப்பானியரைச் சந்திக்கப்போகும் சிறுதொழில்காரர்களை இந்தச் செய்தி வீணாகப் பயமுறுத்துகிறது. தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.