டிரிக்கரை மாற்றாதே என்று சொன்னது ஒரு குற்றமா?

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட ஒரு கமென்ட்டுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி முழுக் கதையும் சொல்லப் போவதில்லை. டெக்சாஸில் இருக்கும் என் மனைவியின் அக்கா மகன், தினமும் இடுப்பில் செருகிக்கொண்டு போகும் கிளாக் கைத்துப்பாக்கியில், லேசாக இழுபடும் புது டிரிக்கர் மாட்டி, "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று வீடியோ போட்டான். நான் எழுதியது ஒரே வரி: "இடுப்பில் வைக்கிற துப்பாக்கியில் டிரிக்கரைத் தொடாதே தம்பி." அதற்கு அவன், "சித்தப்பா, ரிலாக்ஸ், உங்க காலத்துத் துப்பாக்கி வேற." அவன் கூட்டாளி ஒருவர் இன்னும் மேலே போய், சொந்தமாக ஒரு துப்பாக்கிகூட இல்லாதவர் பாடம் எடுக்கிறார் என்றார். அதற்கு 60 சிரிப்பு எமோஜி. எண்ணினேன், ஆமாம்.

சரி, இல்லைதான். நம் ஊரில் 9 எம்எம் குண்டு போடும் கைத்துப்பாக்கி பொதுமக்களுக்கான லைசென்ஸில் வராது. ஓய்வு பெற்ற நாளில் படையின் ஆயுத அறையான கோத்தில் ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்தவன் நான். 22 வருஷம் என் இடுப்பில் இருந்தது இஷாப்பூர் அரசு தொழிற்சாலையில் செய்த 9 எம்எம் 1ஏ, பழைய பிரவுனிங் ஹை பவர் பிஸ்டலின் தம்பி. அதன் டிரிக்கர் வெண்ணெய் இல்லை, மணல் கலந்த ரவை. குண்டு அடுக்கும் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் சுடாதபடி ஒரு சேஃப்டி டிரிக்கரோடு கோத்திருக்கும், அது செய்கிற உராய்வு. ஆனால் ஹேமர், அதாவது குண்டு வெடிக்க அடி கொடுக்கிற சுத்தியல், வெளியே தெரியும். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று இருட்டில் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சேஃப்டி லீவர் தனியாக உண்டு.

கிளாக் ஸ்டிரைக்கர் வகை. உள்ளே ஸ்பிரிங்கில் பாய்கிற ஸ்டிரைக்கர் என்ற ஊசிதான் குண்டை அடிக்கும், வெளியே தெரிகிற ஹேமர் கிடையாது. கிளாக்கில் ஸ்டிரைக்கர் ஸ்லைடுக்குள் பாதி இழுபட்டு நிற்கும், மீதியை உங்கள் விரல்தான் இழுக்கிறது. கட்டைவிரலுக்கென்று சேஃப்டியும் இல்லை. உள்ளே மூன்று சேஃப்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. டிரிக்கரை இழுத்தால் மூன்றும் வரிசையாக விலகி வழிவிடும், அதற்காகத்தான் அவை அப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன. இழுத்தது உங்கள் விரலா, இடுப்பு உறையான ஹோல்ஸ்டருக்குள் மாட்டிக்கொண்ட ஜாக்கெட் நாடாவா என்று அவற்றுக்குத் தெரியாது. கம்பெனி வைத்த அந்த 5.5 பவுண்டு, கிட்டத்தட்ட 2.5 கிலோ இழுவைதான் நடுவில் நிற்கிற வேலி. அதைப் பாதியாகக் குறைத்துவிட்டு வெண்ணெய் என்கிறான்.

"நியூயார்க் போலீஸ் 12 பவுண்டு டிரிக்கர் வைத்து என்ன ஆச்சு, 2012ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்து வாசலில் போலீஸ் சுட்டதில் 9 பேர் காயம், குறி தப்பியதற்குக் கனமான டிரிக்கர்தான் காரணம் என்று எத்தனை பேர் எழுதினார்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் 12 பவுண்டு வை என்றா சொன்னேன்? கம்பெனி வைத்ததை விட்டுவை என்றேன். அவ்வளவுதானே.

இன்னொருவர் சிக் சாவர் பி320 என்ற பிஸ்டலை இழுத்து வந்தார். கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று தெரிந்ததும் 2017ல் கம்பெனியே லேசான டிரிக்கர் மாற்றிக் கொடுத்ததாம், அதனால் லேசான டிரிக்கரே பாதுகாப்பாம். ஐயா, அங்கே குறைத்தது டிரிக்கர் என்கிற அந்த இரும்புத் துண்டின் எடையை, விழுகிற வேகத்தில் அது தானாகப் பின்னால் போகக் கூடாது என்பதற்காக. இழுக்க வேண்டிய பலம் வேறு கணக்கு. இதுகூடத் தெரியாமல் எனக்கு எமோஜி போடுகிறீர்கள்.

என் மகள் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். அதில் குறைந்தபட்ச இழுவையே 500 கிராம்தானே, உங்கள் வீட்டுக்கு ஒரு நியாயமா என்றும் ஒரு கேள்வி வந்தது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு மெட்ரோவில் போவதில்லை. ஒரு பெல்லட் போடுவாள், 10 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையைப் பார்த்துச் சுடுவாள், மறுபடி ஒன்று போடுவாள். போட்டிக்கு முன்னால் எடையைத் தொங்கவிட்டுச் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். டெக்சாஸ் சமையலறையில் யார் சோதிக்கிறார்கள்?

எங்கள் படையில் (பெயர் வேண்டாம்) ஒரு ஹவில்தார், குறி தப்புகிறதே என்று, ஏறின ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற கொக்கியை அரத்தால் கொஞ்சம் தேய்த்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஜனவரி காலை, பனிமூட்டம், கையில் கம்பளிக் கையுறை. டியூட்டி மாறும்போது மணல் மூட்டையைப் பார்த்துத் துப்பாக்கியைக் காலி பண்ணும் இடத்தில் ஸ்லைடை இழுத்து விட்டார், வெடித்துவிட்டது. டிரிக்கரைத் தொடவே இல்லை என்று அழுதார். உண்மைதான், தொடவில்லை. தேய்த்த சியர் ஹேமரைப் பிடிக்கவில்லை. குண்டு மணலுக்குள் போனது. இரண்டடி இடப்பக்கம் நான் நின்றிருந்தேன். அதற்கப்புறம் பல மாதம் பிரஷர் குக்கர் விசில் அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப்போடும். இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

குறி தப்பினால் ட்ரை பிராக்டிஸ் பண்ணு. காலித் துப்பாக்கி, இரண்டு தடவை சரிபார்த்த காலித் துப்பாக்கி, குழல் நுனியில் குறி பார்க்கிற முன்சைட் மேல் ஒரு ரூபாய்க் காசு, காசு விழாமல் டிரிக்கரை இழு. தினமும் பத்து நிமிஷம். எனக்கு அந்த ரவை டிரிக்கரில் காசு நிற்க மூன்று மாதம் ஆனது. அதற்கு வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள், அதுதான் பிரச்சினை. பார்ட் வாங்கி மாட்டினால் அரை மணி நேரத்தில் ஆள் ஷூட்டர் ஆகிவிடலாம். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் ஸ்டிரைக்கர் அடிக்கிற பலம் குறைந்து, தேவைப்படுகிற ஒரே நாளில் சுடாமலும் போகலாம் என்பதை எந்த வீடியோவும் முதல் நிமிஷத்தில் சொல்வதில்லை.

ரிலாக்ஸ் என்கிறான். ஆர்.கே.புரம் மலை மந்திர் படியெல்லாம் என் தோளில் உட்கார்ந்து ஏறின பையன். பொம்மைத் துப்பாக்கியை யார் முகத்துக்கும் நீட்டக் கூடாது என்று முதலில் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், அப்போது சித்தப்பா சொன்னால் வேதம். இப்போது 60 பேர் சிரிக்கிறார்கள், அவனும் அதில் ஒரு இதயம் போட்டிருக்கிறான்.

அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள். எல்லோரும் டிரிக்கரைப் பார்த்தீர்கள். மேஜையின் இடது ஓரத்தில் ஒரு கிரேயான் டப்பா மூடி திறந்தபடி இருக்கிறது. அவன் மகளுக்கு நாலு வயது.

இரண்டு நாளாகப் போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. அக்கா, இதைப் படித்தால் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: கழற்றின பழைய டிரிக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டானா, வைத்திருக்கிறானா?