எம்.டி. படம் போட்ட செய்திமடலை யார் படிக்கிறார்கள்?

முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஊழியர்களுக்கு மெயிலில் போகும் மாதாந்திரச் செய்திமடல் போடுவது என் பொறுப்பு. ஒரு நாள் பக்கத்து சீட்டு நண்பர் ஏதோ மெயிலைத் தேடிக்கொண்டிருந்தார். திரையில் 'அப்புறம் படிக்க' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே 34 மெயில். அத்தனையும் என் செய்திமடல், அத்தனையும் திறக்காமல் தடித்த எழுத்தில். வந்ததும் தானாக அங்கே போய் விழும்படி ரூல் வேறு போட்டு வைத்திருந்தார். "படிக்கணும்னுதான் வெச்சிருக்கேன்" என்றார். பாவம், அவருக்கே சங்கடம்.

எனக்குக் கோபம் வரவில்லை. தயாரிக்கும் வேலை என்னுடையதாக இல்லாவிட்டால் நானும் படித்திருக்க மாட்டேன். மேலே எம்.டி. (நிர்வாக இயக்குநர்) செய்தி, படமும் கையெழுத்துமாக. அடுத்து விருது வாங்கிய குரூப் போட்டோ. அப்புறம் பிறந்தநாள் பட்டியல். அதற்கும் கீழே, போன இதழில், ஒரே ஒரு வரி: செலவுத் தொகை கேட்கும் பழைய படிவம் இனி செல்லாது. அந்த மாதம் முழுக்க பில்கள் திரும்பி வந்தன. "சொல்லவே இல்லையே" என்று சண்டை. "செய்திமடலில் போட்டிருந்தோமே" என்று அக்கவுண்ட்ஸ் பதில். போட்டிருந்தோம்தான். யார் கண்ணில் பட்டது?

செய்திமடல் கெட்டுப்போவது எழுதும்போது அல்ல, ஒப்புதலுக்குப் போகும்போது என்பது என் கட்சி. ஒருமுறை இப்படி எழுதினேன்: "புது மென்பொருள் முதல் வாரமே சொதப்பிவிட்டது. சம்பளச் சீட்டு இரண்டு நாள் தாமதமாக வரும்." ஹெச்.ஆர். 'சொதப்பி'யை எடுத்தது. ஐ.டி. 'தாமத'த்தை எடுத்தது. மேலே போய் இறங்கியபோது "டிஜிட்டல் பயணத்தில் மேலும் ஒரு மைல்கல்" என்று ஆகியிருந்தது. சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்பவருக்கு மைல்கல்லைக் காட்டினால் அடுத்த இதழை அவர் ஏன் திறக்கப் போகிறார்? தகவல் சரியா என்று பார்க்க ஒருவர் போதும். வார்த்தையில் கைவைக்க ஆறு பேர் வேண்டாம்.

வேலை செய்பவர்களுக்கான இதழ் மேலிடத்தின் குரலில் பேசுகிறது என்பது இன்று நேற்றுப் புகாரும் இல்லை. அமெரிக்காவின் லோவெல் நகரப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்களே எழுதிய 'லோவெல் ஆஃபரிங்' என்ற இதழ் 1840-ல் வந்தது. 1845-ல் அதே ஊர் ஆலைத் தொழிலாளி சாரா பேக்லி, அது முதலாளிகளின் ஊதுகுழல் ஆகிவிட்டது என்று வெளிப்படையாகவே சாடினார். அந்த வருடத்தோடு இதழும் நின்றது.

எங்கள் மேலதிகாரிகளுக்கோ ஓப்பன் ரேட், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற எண், ஒன்றே போதும். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் இருக்கும். அது இறங்கினால் 'திறந்தார்' என்று கணக்கு. ஆனால் 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியை இயக்கியவர்களுக்கு, மெயிலைத் தொடாவிட்டாலும் அந்தப் படம் முன்கூட்டியே இறங்கிவிடுகிறது. அந்த எண்ணை நம்பி என்ன செய்ய? எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். எங்களுக்கு 34 இதழுக்கும் சேர்த்து பூஜ்யம்.

(போகிற போக்கில்: முழு இதழையும் ஒரே படமாக ஒட்டி அனுப்பாதீர்கள். படங்களைத் தடுத்து வைத்திருப்பவருக்கு வெறும் கட்டம்தான் தெரியும். அதேபோல, படங்கள் போக மெயிலின் எழுத்தும் வடிவமைப்புக் குறியீடும் (HTML) சுமார் 102 கேபிக்கு மேல் போனால் ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும்.)

35-வது இதழுக்கு எம்.டி. செய்தியைக் கீழே இறக்கினேன். அதற்கே இரண்டு மீட்டிங். 'நமது குரல், இதழ் 35' என்று போக வேண்டிய தலைப்பை "பில் திரும்பி வந்ததா? புதிய படிவம் இதோ" என்று மாற்றினேன். போனில் முதல் நான்கைந்து வார்த்தைதானே தெரியும், விஷயம் அதற்குள் இருக்கட்டும் என்று. உள்ளே முதல் பத்தியில் படிவத்துக்கான இணைப்பு, எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும், சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது. அவ்வளவுதான்.

அனுப்பிப் பத்து நிமிடத்தில் மூன்று வருடத்தின் முதல் பதில் வந்தது. அதே பக்கத்து சீட்டுக்காரர்.

"இதைப் போன மாசமே சொல்லியிருக்கலாமே?"